அஞ்சு வருசத் துணி

தார்ப்பாய்ப் படங்கு விற்கிறவன் வெயிலுக்கும் நன்றி சொல்ல வேண்டும், மழைக்கும் நன்றி சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நுரைச்சோலையைத் தாண்டிக் கற்பிட்டிக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது என் சின்னக் கடை. மீன் பிடிக்கிற போட்டுக்கு, லொறிக்கு, வெங்காயக் குவியலுக்கு என்று அளவு சொன்னால் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, கயிறு கோக்க வளையமும் அடித்துக் கொடுப்போம். வாடிக்கையாளருக்கு நல்லது சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கடைக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்காருங்கள்.

குளமான போட்

போட் மூட என்னிடம் இரண்டு வகைதான். ஒன்று நீலப் படங்கு. மலிவு, தூக்க லேசு, ஆனால் எங்கள் வெயிலில் ஒரு பருவம் தாங்கினால் பெரிய காரியம். மடிப்பு மடிப்பாகப் பொடிந்துவிடும். மற்றது லொறிக்குப் போடும் தடித்த துணி. விலை கூட, ஆனால் சாதாரணமாக ஐந்து வருசம் உழைக்கும். போட் வைத்திருப்பவர் யார் வந்தாலும் இரண்டாவதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பேன். ஆசை லாபத்தில் மட்டுமில்லை, அதுதான் உண்மையிலேயே சிக்கனம்.

அப்படி நான் வற்புறுத்தி வாங்கிப்போனவர் ஆலங்குடா அந்தோனி அண்ணன். நடுவில் ஒரு தடி கொடுத்துக் கூரை மாதிரி சரித்துக் கட்டுங்கள் என்று சொன்னேன். அவர் தடி தேட அலுப்புப்பட்டு, பாய் விரித்த மாதிரித் தட்டையாகக் கட்டியிருக்கிறார். மழை நடுவில் தேங்க, ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து, தேங்கியது முழுக்க போட்டுக்குள் கொட்டிவிட்டது. மூன்றாம் நாள் கடைக்கு வந்து நிதானமாகச் சொன்னார். "துணியில குறை சொல்ல மாட்டன் தம்பி. உள்ளுக்குப் போன தண்ணிய வெயில் கூடக் காயவைக்க ஏலாத மாதிரி நல்லாத்தான் மூடிக்கொண்டு நிண்டது."

முடிச்சுப் போட்ட கயிறு

ஒரு வருசம், தென்மேற்கிலிருந்து வந்து போட்டுகளைக் கரையேற்றிவிடும் சோளகக் காற்று தொடங்கும் முன், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு துண்டுக் கயிறு. நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. இஞ்சினைக் கழற்றிவிட்டு மூடுவதா, இஞ்சினோடு மூடுவதா என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், அதைப் பொறுத்துப் பின்பக்கம் துணி கூட விட வேண்டும். இஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றாள். நீலத்தைத் தொட்டுக் காட்டி, இது போதும் என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வெயிலைப் பற்றி, மடிப்பைப் பற்றி, ஐந்து வருசக் கணக்கைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தேன். போட்டுக்காரரை ஒருக்கால் வரச்சொல்லுங்கள், ஆம்பிளைக்கு விளங்கும் என்று பகிடி வேறு. அவள் நீலத்தையே வாங்கிக்கொண்டு போனாள். அவள் தலை மறைந்த பிறகு, என் கடையில் தைக்கும், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் சமீம் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அது ரிபாயா. அந்தப் போட் மட்டும்தான் கரைக்கு வந்திச்சி நானா, அவட மாப்பிள்ளய இன்னும் தேடுறாங்க."

மலிவுக்குக் காரணம்

மறு வருசமும் அதே காற்றுக்கு முன் வந்தாள். படங்கு நார் நாராகிவிட்டதாம். இதற்குள் மிச்சக் கதையும் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் கணவன் நசீர் தனியாகத்தான் கடலுக்குப் போனவன். வலையும் இஞ்சினும் அப்படியே இருக்க, ஆளில்லாமல் மிதந்த போட்டை மற்றவர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். கணவன் மவுத்தானவள் வீட்டோடு இருந்து துக்கம் காக்க வேண்டிய இத்தாவை அவள் இருக்கவில்லை. வீட்டார் சொல்லிப் பார்த்தார்கள். மையத்தை, அந்த உடலைக் கண்ணால் பார்க்காமல் எதற்கு இத்தா என்று கேட்டுவிட்டாளாம். போட்டை விற்கச் சொன்னபோதும் அதே மறுப்பு.

போன வருசம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், தடித்த துணியை வாங்கின விலைக்கே தருகிறேன் என்றேன். அவள் அந்தத் துணியைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "அஞ்சு வருசத் துணிய வாங்கினா, அஞ்சு வருசத்துக்கு அவரு வரமாட்டாரெண்டு நானே சொன்ன மாதிரி நானா."

ஓடு போடாத வீடு

அன்றைக்கு நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. என் வாப்பா நினைவுக்கு வந்துவிட்டார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு நாங்கள் இந்தக் கரைக்கு வந்து இறங்கியபோது, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாப்பா தென்னோலை பின்னிய கிடுகால் ஒரு குடிசை போட்டார். வருசா வருசம் மழைக்கு முன் பழைய கிடுகைப் பிரித்துப் புதுக் கிடுகு வேய்வார். நான் சம்பாதிக்கத் தொடங்கி, ஓடு போடுவோம் வாப்பா என்று கேட்ட ஒவ்வொரு முறையும் சண்டைதான். பிடிவாதக்காரக் கிழவர் என்று எனக்குக் கோபம். அவர் மவுத்தாகி இங்கேயே அடக்கிய பிறகுதான் நான் ஓடு போட்டேன். அந்த ஓட்டைப் பார்த்து இன்றுவரை எனக்குச் சந்தோசம் வந்ததில்லை. ஏன் கிடுகை விடமாட்டேன் என்கிறீர்கள் என்று ஒருமுறை கத்தியபோது அவர் சொன்னது இவ்வளவுதான். "ஓடு போட்டா, போற எண்ணம் எனக்கே விட்டுப்போயிரும் மகன்."

அளவு தெரிந்த வாடிக்கை

மூன்றாம் வருசமும் நீலம்தான் போனது. நானும் வாய் திறக்கவில்லை. நான்காம் வருசம் அவள் வருமுன்பே நீலத்தில் அவளுடைய அளவுக்கு வெட்டி, தைத்து, இஞ்சினுக்கும் கூட விட்டு, மடித்து வைத்திருந்தேன். வந்தாள். மடித்ததைப் பார்த்தாள், எடுக்கவில்லை. தடித்த துணியில் வெட்டச் சொன்னாள்.

இத்தனை வருசம் யார் வந்தாலும் அந்தத் துணியையே புகழ்ந்த நான், இப்போது அதற்கு இல்லாத குற்றமெல்லாம் சொன்னேன். பாரம் கூட, ஒற்றைப் பெண்ணால் இழுத்து மூட முடியாது, ஈரத்தோடு மடித்தால் நாறும், இந்த முறை வந்த நீலம் நல்ல நீலம் என்றேன். சமீம் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னாள். "அவரு வர நாள் எடுக்கும் போல நானா. அதுவரைக்கும் போட் இரிக்க வேணுமே."

கடையில் இருந்ததிலேயே நல்ல சரக்கை விற்ற அன்று, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன வியாபாரி இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.