பதினொன்றாவது பாட்டில்

எங்கள் வீட்டில் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் என் தங்கை சமரீன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தருமபுரியில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அவள் நல்லம்பள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்பு டீச்சர். இரண்டு வகுப்புக்கும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. அங்குள்ளவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாள், நேரம் எல்லாம் அவளிடம் கேட்டுச் சரிபார்த்தவை.

பாடத்தில் வருகிற இடத்தைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை தீர்த்தம்மாளிடம் ஒரு பட்டியல் கொடுத்து அனுமதி வாங்கினாள். ஜூலையில் தபால் நிலையம் போனார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டது. நான்காம் நாள் கார்டு வீடு வந்து சேர்ந்ததும் ஊரே அதைப் பேசியது. பட்டியலில் அடுத்து இருந்தவை ஆகஸ்டில் பால் சொசைட்டி, செப்டம்பரில் தீயணைப்பு நிலையம்.

பால் சொசைட்டிக்குப் போகிற அன்று வியாழக்கிழமை. துணைக்கு வர வேண்டிய இன்னொரு டீச்சர் பயிற்சிக்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டாள். கடையை மூடிவிட்டுப் போனேன். ரோட்டோரமாகப் பிள்ளைகளை வரிசையாக நடத்திப் போவதும், மாடு வந்தால் நிறுத்துவதும் என் வேலை.

ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சின்ன பாட்டிலில் பால் இருந்தது. முந்தின நாள் அவள்தான் வீட்டுக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள். விற்கிற பாலில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று யோசித்து, "பிள்ளை வீட்டில் குடிக்கும் பால், காய்ச்சாமல், ஒரு டம்ளர்" என்று எழுதினாள். எழுதிய பிறகு என்னிடமும் காட்டினாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன்.

சொசைட்டிச் செயலாளர் முருகேஷ் உற்சாகமான மனிதர். மூன்றே முக்காலுக்கு, பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு வரிசையில் நிற்கும்போதே, பிள்ளைகளை முன்னால் அழைத்தார். லாக்டோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டார். பால் நல்லதென்றால் அது மேலே நிற்கும், தண்ணீர் இருந்தால் உள்ளே இறங்கும். முதல் பாட்டில் இருபத்தெட்டு. அடுத்தது இருபத்தொன்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பத்து பாட்டில்கள் அப்படிப் போயின. பதினொன்றாவது யுவராணியுடையது. குழாய் இறங்கிக்கொண்டே போய்ப் பதினாறில் நின்றது.

முருகேஷ் குழாயைத் துடைத்து மறுபடியும் விட்டார். அதே பதினாறு.

"ஏங் கண்ணு, உங்கம்மா மாட்டைக் கொழாயடியில கட்டிக் கறந்தாங்களா?" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சிரிக்காமல் நின்ற ஒருவர், கடைக்குக் குறைகிற பாலைச் சொசைட்டியில் வாங்க வந்திருந்த டீக்கடை மாரியப்பன். யுவராணியின் அம்மா ராமக்காள் காலைப் பாலைச் சொசைட்டியில் ஊற்றுகிறவர், மாலைப் பாலை மாரியப்பனின் கடைக்குக் கொடுக்கிறவர். சொசைட்டியில் தினமும் சோதனை உண்டு. டீக்கடையில் யார் சோதிக்கிறார்கள்? மாரியப்பன் அதைத்தான் நினைத்திருப்பார். யுவராணி பாட்டிலை மூடி பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை யுவராணி பள்ளிக்கு வரவில்லை. டீக்கடைக்காரர் முந்தின மாலையே அவள் வீட்டுப் பால் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு பையன், யுவராணியை வேறு பள்ளியில் சேர்க்கப் போகிறார்களாம் என்றான். சமரீன் எனக்கு மதியத்துக்குள் மூன்று முறை போன் செய்தாள். ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன், பாடம் நடத்துகிறேன் என்று போய் ஒரு பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் ராமக்காள் வீட்டுக்குப் போனோம். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. யுவராணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துகொண்டாள். சமரீன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் ராமக்காள் வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்க எழுதினபடிதானுங்க டீச்சர் குடுத்தேன். புள்ள குடிக்கிற பாலுன்னு போட்டிருந்துச்சு. எம்புள்ள குடிக்கிற பாலு அதானுங்க."

எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. மற்றப் பத்து வீட்டிலும் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் மடியிலிருந்து கறந்ததைப் பெருமையாகக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இவர் ஒருவர்தான் டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்தவர். இவர் வீட்டில் நல்ல பால் விற்கிற கேனுக்குப் போகும். மிச்சம் வைக்கிற கொஞ்சத்தில் தண்ணீர் சேர்த்தால்தான் மூன்று பிள்ளைகளுக்கு வரும்.

இதை மாரியப்பனிடம் சொன்னாலே போதுமே என்றேன் நான். ராமக்காள் சட்டென்று என்னைப் பார்த்தார்.

"அதை மட்டும் சொல்லிராதீங்க. பாலு விக்கிற வூட்ல பெத்த புள்ளைக்குத் தண்ணியூத்திக் குடுக்கறான்னு பேசுவாங்க. டீக்கட போனாப் போவுதுங்க."

ஞாயிறு முழுவதும் சமரீன் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் பால் வியாபாரமும் பிள்ளையின் படிப்பும் போகும். திங்கட்கிழமையும் யுவராணி வரவில்லை. அன்று பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, மாலை மூன்றே முக்காலுக்குச் சமரீன் மறுபடியும் சொசைட்டிக்குப் போனாள். பைக்கில் நான்தான் கூட்டிப்போனேன்.

அதே வரிசை, அதே ஆட்கள். மாரியப்பனும் இருந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவள் பேசினாள்.

"அன்னைக்கு யுவராணி கொண்டு வந்த பால்ல தண்ணி கலந்து குடுக்கச் சொன்னது நான்தாங்க. வித்தியாசம் பசங்களுக்குத் தெரியட்டும்னு கேட்டேன். செயலாளர்கிட்ட முன்னாடியே சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடது."

முருகேஷுக்கு முகம் சிவந்துவிட்டது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, நான் ஒரு பொம்பளையைக் கிண்டல் பண்ணி நாலு நாள் ஆச்சே என்று சத்தம் போட்டார். படித்தவர்கள் இப்படித்தான் என்று வரிசையில் ஒருவர் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாரியப்பன் தன் கேனை எடுத்துக்கொண்டு போனார். அவர் நம்பினாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பும் வழியில், "பாய்ஜான், ஒருவேளை அவர் நம்பலைன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பொய் சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவளைவிட ஐந்து வயது மூத்தவன் நான். அந்த வரிசையின் முன்னால் எனக்கு நாக்கு எழுந்திருக்காது.

செவ்வாய் காலை ஒன்பது இருபதுக்கு ராமக்காள் யுவராணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை உள்ளே போகிறவரை காத்திருந்து, சமரீனிடம் மெதுவாகச் சொன்னார்:

"நேத்துச் சாயங்காலமே டீக்கடக்காரரு பாலு எடுத்துக்கிட்டாருங்க. நல்லாத்தான் புளுகறீங்க டீச்சர். வாத்தியாரு வேலைக்கு அதையும் சேத்துப் படிக்கணுமா?"

ஆனால் முருகேஷ் அதற்குள் தலைமையாசிரியைக்குப் போன் செய்திருந்தார். தீர்த்தம்மாள் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். சொசைட்டியில் சொன்னதையே சமரீன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, இந்த வருடம் இனி வெளியே எங்கும் போக வேண்டாம் என்றார்.

செப்டம்பரில் தீயணைப்பு வண்டி பார்க்கப் போகக் காத்திருந்த பதினொரு பேரிடமும் அவளே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் டீச்சர் என்று முதலில் கேட்டது யுவராணி. தப்பு டீச்சர் பண்ணியதுதான் என்றாள் சமரீன். அவர்களுக்கு அது போதவில்லை. அந்த வாரம் முழுவதும் பதினொரு பேரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாரையும்விட அதிகமாகக் கோபித்துக்கொண்டவளும் யுவராணிதான்.