மூன்று கடைக்கும் ஒரே போணி

ராஜகுமாரிக்குக் கைராசி உண்டு என்று கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி சங்கரசுப்பு அண்ணாச்சி. அவள் சங்கரன்கோவில் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை முதல் பில்லைப் போட்டாள். அன்றைக்கென்று பார்த்து ஒரு கேரளத்து வியாபாரி வந்து நைட்டிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். ஓணம் நெருங்கினால் அவர் வருஷா வருஷம் வருகிற ஆள்தான். அதை அண்ணாச்சி வசதியாக மறந்துவிட்டார். அதிலிருந்து தினமும் ராஜகுமாரி கைதான் போணி.

பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். கைராசிக்காரிக்கு ஏது லீவு? தங்கச்சி கல்யாணத்தன்று பட்டுச்சேலையோடு வந்து பில் போட்டுவிட்டு, அண்ணாச்சி காரிலேயே மண்டபத்துக்குப் போனாள். போனபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சி கார் கொடுத்ததை மட்டும் சொல்வார்.

நான் கணேசன். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அண்ணாச்சிக்கு இரண்டு தம்பிகள். மூத்தவருக்குச் சிவகிரியில் கடை, இளையவருக்குத் திருவேங்கடத்தில். பாகம் பிரித்த நாளிலிருந்து மூவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போட்டிக்கு ஆளுக்கொரு சர்வர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் மூவருக்கும் சரக்கு வருவது ஒரே தறிக்கூடத்திலிருந்து, ஆடிட்டரும் ஒருவர்தான். மூன்று இடத்துக் கணக்கும் ஒத்துவரவில்லை என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று கடைகளையும் இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு கடையும் தனி டொமைன், அதாவது உள்ளே வரலாம் என்று பேர் பதிந்தவர்களின் பட்டியல் கடைக்கொன்று. ஒரு கடையில் பேர் பதிந்த ஆளை மற்ற இரண்டு கடைகளும் நம்பி உள்ளே விடும்படி முதலில் செய்தேன். அடுத்து விர்ச்சுவல் டெஸ்க்டாப். மேசைக்கடியில் கிடந்த பெட்டிகளெல்லாம் போய், எல்லாருடைய கம்ப்யூட்டரும் எங்கள் சர்வர் அறைக்குள் அடங்கின. எந்த ஊரில் உட்கார்ந்து பேரும் பாஸ்வேர்டும் கொடுத்தாலும் அவரவர் திரை அங்கே வந்து நிற்கும்.

இதை மூன்று முதலாளிகளுக்கும் தனித்தனியாகப் போய் விளக்கினேன். சிவகிரி முதலாளி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்போ ராஜகுமாரி திரை இங்கன வருமாவே?" என்றார்.

"அவ பேரைப் போட்டா வரும்."

"அப்போ நம்ம முதல் பில்லையும் அவ பேர்லயே போட்டுரலாம்லா?"

அதை அறிந்த திருவேங்கடத்துக்காரர் சும்மா இருப்பாரா? ஒரே வாரத்தில் ராஜகுமாரியின் பாஸ்வேர்ட் மூன்று ஊரிலும் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரிந்துபோனது.

ஆனால் ஒருவர் திரை ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கும். சிவகிரியில் திறந்தால் சங்கரன்கோவிலில் போய்விடும். தினமும் கடை திறக்கிற நேரத்தில் பிடுங்கல்தான். நேரில் பேசாதவர்கள் என் போன் வழியாகத் திட்டிக்கொண்டார்கள். "அவன முதல்ல மூடச் சொல்லுவே" என்று மூன்று பக்கமும் ஒரே வசனம்.

இதற்கிடையில் ராஜகுமாரி உண்டானாள். எட்டாம் மாதம், மேசை வயிற்றில் இடிக்க உட்கார்ந்து பில் போட்டவள், தயங்கித் தயங்கி லீவு கேட்டாள். அண்ணாச்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"தாராளமா போயிட்டு வா தாயி. பேரு இங்கனதான இருக்கு."

பேர் உழைத்தது. கம்ப்யூட்டரைக் கேட்டால், ராஜகுமாரி ஆண்பிள்ளை பெற்ற அன்று காலையிலும் மூன்று ஊரில் பில் போட்டிருக்கிறாள். கடை திறக்கிற யாரோ ஒருவர் போட்டதுதான். வியாபாரம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது, அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

பிள்ளைக்குத் தலை நின்றதும் வேலைக்கு வந்தாள். அண்ணாச்சி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நீ எதுக்கும்மா பஸ்ல அலையுத? உன் பேரு வேலையப் பாத்துக்கிடுது. நீ பிள்ளையப் பாரு."

அவள் புருஷனுக்கு நிலையான வேலை கிடையாது. இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"கணேசன் அண்ணன், வேலைய விட்டு நின்னவங்க பேரை என்ன செய்வீங்க?"

"எடுத்துருவோம்."

"அப்போ எடுத்துருங்க."

அண்ணாச்சி வாயைத் திறக்குமுன் எடுத்துவிட்டேன். அவள் பேர் பதிந்திருந்தது எங்கள் டொமைனில்தான். இங்கே போனதும் நம்பியிருந்த மற்ற இரண்டிலும் போயிற்று.

மறுநாள் மூன்று ஊரிலும் போணி நின்றது. அதே பேரை மறுபடியும் போட்டுத் தரச் சொன்னார் அண்ணாச்சி. எழுத்து அதேதான் இருக்கும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. இனி ஆளே வந்து போட்டால்தான் கைராசி. மத்தியானமே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பனவடலிக்குக் காரை விட்டார்.

"வாரேன் அண்ணாச்சி" என்றாள் ராஜகுமாரி, பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே. "பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லமாட்டேன். பத்து மணிக்குத்தான் வருவேன். தம்பிமார்க்கும் போணி வேணும்னா நம்ம கடைக்கு வரட்டும். மூணு கடை பில்லையும் இருந்த இடத்துலயே போட்டுருதேன்."

அண்ணாச்சி தலையாட்டினார், நான் அவள் பேரைப் புதிதாகப் பதிந்தேன். மூன்று டொமைனும் இணைந்திருப்பதால் அவள் சொன்னபடி செய்ய முடியும். தம்பிகள் ஆள் அனுப்பினாலே போதும். ஆனால் அண்ணன் பில்லை முதலில் போட்டுவிடுவாளோ என்று இருவருக்கும் பயம், அதனால் நேரிலேயே வந்தார்கள். யாரும் எங்கும் போகவேண்டாம் என்பதற்காக நான் மாதக்கணக்கில் போட்ட திட்டம் இது. தினமும் மூன்று முதலாளிகள் மூன்று நாற்காலியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

போன வாரம் பத்தரை ஆகியும் அவள் வரவில்லை. எனக்குப் போன் வந்தது.

"பிள்ளைக்கு மேலு காயுது அண்ணன். இன்னைக்கு லீவு. மூணு பேர்ட்டயும் சொல்லிருங்க."

சொன்னேன்.

"லீவா?" என்றார் சிவகிரிக்காரர். "வேற யாராவது அவ பேர்ல…"

"பாஸ்வேர்ட் அவகிட்டதான் இருக்கு."

திருவேங்கடத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார். பாகம் பிரித்த பிறகு அவர் அண்ணனிடம் பேசியது அன்றுதான்.

"அண்ணே, நாளைக்கு வருவாளா?"

"பிள்ளைக்குச் சரியானா வருவா" என்றார் அண்ணாச்சி, தானே லீவு கொடுத்தவர் மாதிரி.