கோதுமையை விட்டவள், கிரேனை விடாதவள்

கட்டுமான இடத்தில் எல்லோரும் அவளைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஓட்டியது டவர் கிரேன். வானத்தில் குத்தி நிறுத்தியது போல ஒரு இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கேபின், முன்னால் நீண்டு போகும் இரும்புக் கை. காலையில் ஏணியில் ஏறினால் சாப்பாட்டு நேரம் வரை இறங்க மாட்டாள். கீழே சிமெண்டுத் தூசியும் கூச்சலும் வசவும். மேலே காற்று, இரண்டு லீவர், அவள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த விபரீத ஆசை?" என்று முதல் நாள் கேட்ட மேஸ்திரி, கொஞ்ச காலத்திலேயே, "கண்ணாடி லோடா? அவ வரட்டும், அப்புறம் தூக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தரையில் அவளுக்குக் கண்ணாக இருந்தவர் சிக்னல்காரர். அவளைவிட வயதில் மூத்தவர், தொப்பை உள்ளவர், வாய் ஓயாதவர். வாக்கி டாக்கியில் அவர் சொல்லச் சொல்ல அவள் லோடை நகர்த்துவாள். அவர் குரல் நின்றால் அவள் கையும் நின்றுவிட வேண்டும், அதுதான் அந்த வேலையின் விதி. "அதனாலதான்மா நான் பேசிக்கிட்டே இருக்கேன். வீட்டுலதான் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்பார்.

முதலில் கோளாறு செய்தது வயிறுதான். சாப்பிட்டால் உப்பிக்கொள்ளும், அப்புறம் பிடுங்கும், அப்புறம் ஓட்டம்தான். தரையில் வேலை செய்கிறவர்களுக்கு அது தொல்லை. உச்சியில் இருப்பவளுக்கு அது பெரும் ஆபத்து. ஏணியில் இறங்கி ஓடி, திரும்ப ஏறி வருவதற்குள் கீழே லாரிகள் வரிசை கட்டி நிற்கும், மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்துக் கத்துவார். அதற்குப் பயந்து காலையில் பட்டினியாக ஏறத் தொடங்கினாள். ரொம்பவும் பசித்தால் இரண்டு ரஸ்க், நாலு பிஸ்கட். வயிறு சரியில்லாதவர்களுக்கு லேசான ஆகாரம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

உடம்பு இளைத்தது. வாய் முழுக்கப் புண். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. ஒரு டாக்டர் இது கேஸ் என்றார். இன்னொருவர், "டென்ஷன். வேற வேலை பாக்கலாமே?" என்றார். மாமியார் மட்டும் வேறு கணக்குப் போட்டு, அவள் வயிற்றையும் நாட்காட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெறும் உப்பசம்தான் என்று தெரிந்தபோது அவருக்கு வந்த ஏமாற்றம் சொல்லி மாளாது.

ஒரு நாள் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு வெளியே இருந்த ஊரெல்லாம் மெல்ல இருண்டு வந்தது. விரல் நுனி ஜில்லிட்டது.

"அண்ணே, எனக்குக் கண்ணு இருட்டுது. கீழ யாரும் இருக்கக் கூடாது."

"எல்லாரும் வெலகுங்கடா!" என்று அவர் கத்தியது வாக்கி டாக்கி இல்லாமலே மேலே கேட்டது. அப்புறம் குரல் மாறியது. "ஒண்ணுமில்லம்மா. காலி இடம்தான். மெதுவா இறக்கு. இன்னும் கொஞ்சம். என் குரலை மட்டும் புடிச்சுக்கோ. இன்னும். தரை தொட்டாச்சு."

பிரேக்கைப் போட்டதும்தான் நினைவு தப்பியது. இரண்டு பேர் ஏறிப் போய் அவளைக் கயிறு கட்டி இறக்கினார்கள்.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மேனேஜர் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். "உன் உடம்பு சரியாகுற வரைக்கும் ஸ்டோர் ரூம்ல இரும்மா. என் மேல கோவப்படாதே." அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. ஆணியும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. கிரேன் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது அதை ஓட்டியது புதிதாக வந்த ஆபரேட்டர்.

எலக்ட்ரீஷியனான அவள் கணவன்தான் விடாமல் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போனான். அந்த அம்மாள் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"வயிறு சரியில்லாதப்ப என்ன சாப்பிடுவீங்க?"

"ரஸ்க், ரொட்டி, பிஸ்கட். லேசா இருக்கட்டும்னு."

"சாப்பிட்டதும் சரியாகுமா, கூடுமா?"

இதை யாருமே இதுவரை கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்தார்கள். சோதனையெல்லாம் முடிகிறவரை ரொட்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் ஒளிந்துகொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஷம் என்று சந்தேகம் வந்த பின்னாலும் அதையே தின்றுகொண்டு காத்திருந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் கொடுமை என்று அவள் பின்னால் சொல்வாள்.

முடிவு வந்தது. நோயின் பெயர் சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் அவள் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. குடலின் உள்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருக்க வேண்டும், அவளுக்கு அது தேய்ந்த கோணிப்பை மாதிரி ஆகிவிட்டது. அதனால் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை, ரத்தமும் ஊறவில்லை.

"மருந்து?" என்று கேட்டான் கணவன்.

"ரத்தத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை தரேன். நோய்க்கு மருந்து கிடையாது. கோதுமையை விடணும், அவ்வளவுதான். ஆனா முழுசா விடணும், ஆயுசுக்கும் விடணும். ஒரு துணுக்குகூடப் போகக் கூடாது."

"விட்டா நான் திரும்ப கிரேன் ஏறலாமா?"

டாக்டர் சிரித்தார். "குடல் ஆறிடுச்சுன்னா நீங்க எங்க வேணாலும் ஏறலாம்."

வீட்டில்தான் போர் மூண்டது. மாமியார் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டிலேயே ரொட்டி சுடுவார். அந்த வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்டவர் கையால் செய்ததை மருமகள் தொட மாட்டேன் என்றால்?

"கோதுமை தின்னு யாராச்சும் செத்ததா கேள்விப்பட்டிருக்கியா?" என்று மகனிடம் கேட்டார் மாமியார். நாத்தனார் போனில், "இப்பல்லாம் இது ஒரு ஃபேஷன்மா, எல்லாரும் சொல்லிக்கிறாங்க" என்று எண்ணெய் ஊற்றினாள்.

பருந்து யாரோடும் வாதாடவில்லை. தனக்கென்று சோறும் பருப்பும் முட்டையும் உருளைக்கிழங்கும் சமைத்துக்கொண்டாள். மாதம் திரும்புவதற்குள் வயிறு அடங்கியது. வாய்ப்புண் ஆறியது. கண்ணாடியில் பார்த்தால் பழைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைக்கும் நேரத்தில், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி நிற்கவே இல்லை. கணவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கழிவறை வாசலில் நின்ற மாமியாரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான்தான்மா" என்றார். "சூப்பு தண்ணியா இருந்துச்சு. ஒரு ஸ்பூன் மைதா கரைச்சு ஊத்தினேன். ஒரு ஸ்பூன்தானே, என்ன ஆயிடும்னு... பாத்துடலாம்னு நெனச்சேன்."

கணவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, நீ—"

பருந்து கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். சுவரைப் பிடித்து எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

"அத்தை, பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்."

"எனக்கு அந்தக் கேபின் திரும்ப வேணும் அத்தை. இந்த வீட்டுல சமையல் உங்க கையில இருக்கு. நீங்க நெனச்சாதான் நான் மேல போக முடியும்."

மாமியார் அடுப்படிக்குப் போனார். வெகு நேரம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டியபோது அலமாரியின் மேல் தட்டு முழுவதும் காலியாக, பளபளவென்று இருந்தது. "இது உன் தட்டும்மா. இதுல வேற எவன் கை வெச்சாலும் ஒடிச்சிடுவேன்" என்றார், மகனைப் பார்த்து.

அன்றிலிருந்து அவருக்கு ஈடாக ஒரு காவல்காரர் உலகத்தில் கிடையாது. மருமகளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிப் பலகை. எல்லாவற்றின் கைப்பிடியிலும் சிவப்புப் பெயிண்ட். கடைக்குப் போனால் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு பாட்டிலின் பின்பக்கத்தையும் படித்தார். சோயா சாஸில் கோதுமை இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்றைக்கு கடைக்காரரின் கதி பரிதாபமாகிவிட்டது. "சாஸுன்னு பேரை வெச்சுக்கிட்டு உள்ள ஏன்யா கோதுமைய ஒளிச்சு வெச்சிருக்க?" என்று அவர் போட்ட சத்தத்தில், ஏதோ கடைக்காரரே ராத்திரி உட்கார்ந்து கரைத்து ஊற்றியது போல அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார். நாத்தனார் வீட்டுக்கு வந்து, அண்ணியின் கரண்டியால் தன் நூடுல்ஸைக் கிளறியபோது, பெற்ற மகள் என்றும் பார்க்கவில்லை. "ஃபேஷன்னு சொன்னியே, இப்ப அந்தக் கரண்டியப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்டி!"

அரிசி மாவிலும் உருளைக்கிழங்கு மாவிலும் ரொட்டி சுடவும் முயன்றார். முதலில் வந்தது செங்கல். "இத சைட்டுக்கு எடுத்துட்டுப் போ, சுவர்ல வெச்சுக் கட்டட்டும்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அடுத்தது கஞ்சியாக ஓடியது. அதற்கு அடுத்தது வெளியே கருகி உள்ளே களியாக இருந்தது. மாவு கட்டுப்பட முட்டையைக் கூட்டினார், அடுப்பைக் குறைத்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே உப்பி எழுந்த ஒரு ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பருந்து ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று எடுத்தாள். மாமியார் மூச்சு விட்டார்.

வேலையிடத்தில், கோதுமை படாமல் தனியாகச் சமைத்துத் தர முடியுமா என்று அவள் கேட்டபோது கேண்டீன்காரர் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. "மகாராணிக்குத் தனி அடுப்பு வேணுமாக்கும்!" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். அவள் வீட்டு டப்பாவைத் திறந்து அங்கேயே, அவர் எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, பாதி கட்டிய கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கினாள். முதலில் இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது. பிறகு நான்காவது, பிறகு மொட்டை மாடி. சிக்னல்காரரும் கூட ஏறிப் பார்த்தார். "உனக்கு உடம்பு தேறுது, எனக்கு உயிர் போகுது" என்று முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறு பரிசோதனையில் ரத்தம் நன்றாக ஊறியிருந்தது. டாக்டர் தகுதிச் சான்று கொடுத்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"மறுபடியும் மேல மயங்கினா யாரும்மா பதில் சொல்றது?"

"அன்னைக்கு எதனால மயங்கினேன்னு எனக்கே தெரியாது சார். இப்ப தெரியும். சின்ன லோடு குடுத்துப் பாருங்க."

அப்படித்தான் அவள் திரும்பவும் ஏணியில் ஏறினாள். கேபின் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் கண்ணில் நீர் முட்டியது. "அண்ணே, கேக்குதா?" என்றாள். "நல்லாவே கேக்குதும்மா" என்றார் சிக்னல்காரர். சில வாரங்கள் மணல் தொட்டியும் பலகையும் மட்டும் தூக்கினாள். ஒரு தடங்கலும் இல்லை.

அந்தக் கட்டடம் ஒரு மருத்துவமனை. அதற்கு வந்த ஸ்கேன் இயந்திரத்தைக் கட்டடத்தின் நடு முற்றத்துக்குள் இறக்க வேண்டியிருந்தது. யானை கனம், கண்ணாடிப் பாத்திரம் போல நொய்மை. போதாக்குறைக்கு லிஃப்ட் கோபுரம் குறுக்கே மறைத்தது. கேபினிலிருந்து முற்றம் தெரியாது. காதை மட்டும் நம்பி இறக்க வேண்டும். அட்டவணைப்படி அது புது ஆபரேட்டரின் முறை. அவரே மேனேஜரிடம் போனார். "சார், எனக்கு இதுல பழக்கம் பத்தாது. அக்கா பண்ணட்டும். நான் கூட இருந்து கத்துக்கிறேன்."

வேலையாட்கள் எல்லோரும் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இயந்திரம் இருந்த பெட்டி தரையை விட்டு எழுந்தது. கூரைக்கு மேலே போனது. லிஃப்ட் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்தது. இனி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கம்பிக் கயிறும் ஒரு குரலும்தான்.

"இறக்கு... இறக்கு... மெதுவா... காத்து அடிக்குது, நிறுத்து."

நிறுத்தினாள். கயிறு ஆடி ஓய்வதற்காகக் காத்திருந்தாள். கண் இருட்டவில்லை. இத்தனை தெளிவாகத் தன் உடம்பு தன்னிடம் இருந்ததே இல்லை என்று தோன்றியது.

"இப்ப இறக்கு. இடது பக்கம் துளி. போதும். இறக்கு. இன்னும் ஒரு கை அளவு. விரல் அளவு..."

குரல் நின்றது. அவள் கையும் நின்றது. ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு வாக்கி டாக்கி வெடித்தது. "உக்காந்துடுச்சு தங்கச்சி! ஒரு கீறல் இல்ல! பூ மாதிரி உக்காந்துடுச்சு!"

கீழே விசில் பறந்தது. மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றி ஆட்டினார். மேனேஜர் அவள் இறங்கி வரும்வரை ஏணியடியில் நின்று கைகொடுத்தார். "நாளையிலிருந்து கிரேன் உன்னோடதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு கேண்டீன்காரரும் வழிக்கு வந்தார். தானாக வரவில்லை. மாமியார் ஒரு நாள் நேரில் போய் அவருடைய சமையலறையைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அவர் வழிக்கு வந்தார். இப்போது அங்கே ஒரு தனி அடுப்பும், சிவப்புக் கைப்பிடிக் கரண்டிகளும் இருக்கின்றன. அதே உபாதை உள்ளவர்கள் இன்னும் இரண்டு பேர் அந்த இடத்திலேயே வேலை செய்கிறார்கள் என்று அப்புறம்தான் வெளியே வந்தது. ஒருவர் வெல்டர், இன்னொருவர் பெயிண்டர். இரண்டு பேரும் இத்தனை நாள் கேஸ் மாத்திரையாகத் தின்றுகொண்டிருந்தவர்கள். பருந்துதான் பிடித்து அந்த டாக்டரிடம் அனுப்பினாள்.

போன வாரம் மதியம் அந்தத் தனி அடுப்பிலிருந்து அவள் ஒரு தட்டுச் சோற்றை முடித்துவிட்டு, இரண்டாவது முறைக்குத் தட்டை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிக்னல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பாத்தும்மா, லோடு எல்லை தாண்டிடப் போகுது."

"இன்னும் தாங்கும்ணே" என்றாள் பருந்து. "போடச் சொல்லுங்க."