கடைசி வரிசையின் கால்கள்

ஊர்காவற்றுறையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பள்ளிக்கூடத்து ட்றம் சத்தம் கேட்டது. இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை. இரண்டு கையிலும் பை. நாள் முழுக்க யாழ்ப்பாணத்துக் கடையில் நின்ற என் கால்கள், கேளாமலே அந்த அடிக்கு நடக்கப் பார்த்தன. முடியவில்லை. அடி அவ்வளவு வேகம்.

அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒருகாலம் பெரிய ட்றம் என் வயிற்றோடு தொங்கியது. அதன் தோலில் புளித்த மணம் அடிக்கும். கடற்காற்றில் தளர்ந்துவிடும் என்பதால் வெயிலில் காயவைத்துத்தான் எடுப்போம். கோல் பிடிக்கப் பழக்கியவர் பாண்ட் வாத்தியக் குழு மாஸ்ரர். எனக்கு முன் அந்த ட்றம்மைச் சுமந்த ஜெசிந்தா அக்கா, அப்போது என் பக்கத்தில் சிம்பல் தாளம் தட்டினாள்.

போட்டியன்று பிரதம விருந்தினர் பிந்தித்தான் வந்தார். அணிநடையைக் கெதியாய் முடிக்கச் சொல்லி மாஸ்ரர் கை காட்டினார்.

"மாஸ்ரரைப் பாராதையும். கடைசி வரிசைச் சின்னனுகளின்ர காலைப் பாரும்," என்றாள் அக்கா.

பார்த்தேன். அண்ணன்மாரின் பெரிய சப்பாத்துகள் கழலக் கழல, அந்தப் பிள்ளைகள் ஓடி ஓடி வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அடியைத் தளர்த்தினேன். முழுப் பள்ளிக்கூடமும் மெதுவாக நடந்தது.

"உமக்கு ஆர் அப்பிடி அடிக்கச் சொன்னது?" என்று மாஸ்ரர் பிறகு கேட்டார்.

"நான்தான் சேர் சொன்னனான்," என்றாள் அக்கா. அன்றோடு அவளுக்கு பாண்ட் முடிந்தது.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனையில் பைகளை இறக்கி வைத்தேன். இப்போது கடைசி வரிசையில் நடக்கிறவள் நான். பள்ளிக்கூட மதிலுக்கு அப்பால் ட்றம் அடிக்கிற பிள்ளைக்கு என் கால் தெரியாது.