எரிந்த காட்டில் ஓர் இருமல்

மெல்பனில் ரயில்வே பொறியியலாளராக இருந்த கேதீஸ்வரன், 1974இல் நண்பர் ஆனந்தராஜாவோடு மான் வேட்டைக்குப் போனார். முன்பொரு பெருந்தீயில் எரிந்து, மறுபடி முளைத்த காடு. மரங்கள் நெருக்கியடித்து நின்றதில் நாலடிக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. மான்தான் என்று கேதீஸ்வரன் குறிபார்த்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் இருமினாள். திடுக்கிட்டுத் திரும்பினார். எரிந்துபோன வீடொன்றின் புகைபோக்கி மட்டும் பாசி படர்ந்து நின்றது. ஆளில்லை.

“மச்சான், சுட்டுப்போடாதை! நான்தான்!” பழுப்புக் கோட்டோடு புதரிலிருந்து எழும்பினார் ஆனந்தராஜா.

“இஞ்சை ஆரோ இருமினது உனக்குக் கேட்டதோ?”

“இல்லையே.”

கேதீஸ்வரன் தோட்டாக்களைக் கழற்றினார். அதன்பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவேயில்லை.