தேர் திரும்பும் மூலை

"அவ்வளவு பெரிய தேரே திரும்புத மூலை வே. இது திரும்பாதா?" ரத வீதி முனையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே முதலாளி என்னிடம் கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுணில் அவருக்குப் பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறையும் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியும் இருந்தன. நான் அங்கே கணக்குப்பிள்ளை. தேர் உயரம், இந்தக் கன்டெய்னர் டிரெய்லர் நீளம் என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் யார் வாயைக் கொடுப்பது?

அதுவரை தூத்துக்குடித் துறைமுகத்திலேயே கன்டெய்னரைத் திறந்து, மூலப்பொருள் மூட்டைகளைச் சிறு லாரிகளில் மாற்றித்தான் கொண்டுவருவோம். கைமாறும்போதெல்லாம் மூட்டை கிழியும், சரக்கு சிந்தும். கப்பல்கள் பெருத்து, பெட்டிகளும் நீண்டு வரத் தொடங்கியதும், பூட்டிய பெட்டி நம் வாசலில்தான் திறக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. வாசலில் பட்டறை ஆட்களே இறக்கிக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். டிரெய்லர் வருவதற்கு முந்தின நாளே, அதுவரை மூட்டை இறக்கிவந்த லோடுமேன்களைக் கூப்பிட்டு, "இனி ஒங்களுக்கு இங்கன சோலி இல்லலே" என்று சொல்லிவிட்டார்.

டிரெய்லரின் தலை திரும்பியது, வால் திரும்பவில்லை. பெட்டியின் பின்பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பாரத்தைக் குறைத்தால்தான் ஜாக்கி வைத்து நகர்த்த முடியும் என்றார் டிரைவர். அங்கிருந்து கிட்டங்கிவரை மூட்டை சுமந்து பழகியவர்கள் பட்டறையில் யாருமில்லை. பின்னால் டவுண் பஸ்கள் வரிசைகட்டி நின்றன. எதிர் டீக்கடையில் அந்த லோடுமேன்களே உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. எனக்கும் அவமானமாக இருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்களில் மூத்தவர் தானாகவே எழுந்து துண்டைத் தலையில் சுற்றினார். "பஸ்ஸெல்லாம் நிக்குல்லா அண்ணாச்சி. பைய எறக்கிருவோம்." மூட்டை மூட்டையாகக் கிட்டங்கிவரை சுமந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கடைசி மூட்டை போனதும் முதலாளி, "நாளையிலேருந்து வாங்கலே, எப்பவும்போல" என்றார்.

வந்தார்கள். அடுத்த ஆண்டே கிட்டங்கி புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. எவ்வளவு நீளமான வண்டியும் அங்கே தாராளமாகத் திரும்பும், இயந்திரம் வந்து இறக்கும். லோடுமேன்களுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை, அவர்களும் வந்து கேட்கவில்லை. இன்று அந்தச் சாலை முழுக்க டிரெய்லர்கள்தான். வியாபாரமும் நன்றாகவே வளர்ந்தது.

ஆனால் முதலாளி கோயிலுக்கு, லோடுமேன்கள் உட்காரும் அந்த டீக்கடை வழியாகப் போவதை விட்டுவிட்டார். வயதான காலத்திலும் வெயிலில் சுற்றிக்கொண்டுதான் போவார். ஒருநாள் கேட்டே விட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏசுனா அந்த வழியே போயிருவேன் வே. எந்திரிச்சுல்லா கும்பிடுதானுவ."