சுடலையாண்டியின் ஆனைக் கிழங்கு

சுடலையாண்டியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். "பிள்ளையார் விளைந்த தோட்டத்துக்காரன்தானே?" என்று கேட்பார்கள். பிள்ளையாரும் விளையவில்லை, ஒரு மண்ணும் விளையவில்லை. விளைந்தது கிழங்கு. விளைவித்தவன் சுடலையாண்டி. இதைச் சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு வளையவில்லை. அதனால் நான் சொல்லுகிறேன்.

என் பெயர் நேசையன். நம்முடைய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த காலத்தில் எனக்குத் தொழில் படப்பெட்டி. கண்ணாடித் துளைகள் வைத்த மரப்பெட்டி, உள்ளே உலகத்து அதிசயங்கள். மார்த்தாண்டம் சந்தை, குழித்துறை ஆற்றங்கரை, புதுக்கடை முக்கு என்று தலையில் சுமந்து போய், முக்காலியில் வைத்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கூவுவேன். "எகிப்து தேசத்துக் கல்லுக் கோபுரம் பாரு, மனுசன் செஞ்சது. அமெரிக்கா தேசத்து நயாகரா அருவி பாரு, ஆண்டவன் செஞ்சது." ஒவ்வொரு படத்துக்கும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது.

சுடலையாண்டி புதுக்கடைக்குப் பக்கத்தில் தாணுமாலயன் என்ற பெரிய ஆளின் தோட்டத்தை, எங்கள் பேச்சில் விளையை, பாட்டம் என்கிற குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவன். அந்த விளையின் மூலையில்தான் அவனும் மனைவி முத்துக்கனியும் குடிசை போட்டிருந்தார்கள். ஆள் குள்ளம், பேச்சு குறைவு. கோபம் வந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எதையாவது கொத்தப் போய்விடுவான். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

சந்தைக்கு வந்தால் அவன் என் பெட்டியை விட்டு நகரமாட்டான். நான் கூவுவதை அப்படியே நம்பவும் மாட்டான். பாறை ஒன்று பாலம்போல வளைந்து நிற்கும் படத்தைக் காட்டி, ஆண்டவன் செய்தது என்றேன். துளையிலிருந்து கண்ணை எடுத்தான்.

"நேசையா, செரியாச் சொல்லு. இது தானா ஆனதா, எவனாவது செஞ்சதா?"

"காத்தும் மழையும் அரிச்சதாக்கும்."

"எனக்கு நம்பிக்கை இல்ல, கேட்டியா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தான்.

அடுத்து மகாபலிபுரத்துக் கல்லானை வந்தது. அதில் அவன் அசந்துவிட்டான். பின்னால் நின்றவர்கள் திட்டத் தொடங்கிய பிறகும் துளையைவிட்டு அசையவில்லை. கடைசியில் எழுந்து, "இதச் செஞ்சவனுக்கப் பேரு என்ன?" என்று கேட்டான். யாருக்கும் தெரியாது என்றேன். "அது பெரிய சங்கடந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மாசி மாதம் காச்சில் என்கிற பெருவள்ளிக் கிழங்கு நடும் காலம். மற்றவர்கள் உருண்டையாகக் குழி வெட்டி, சருகும் சாம்பலும் இட்டு, விதைத்துண்டை வைத்து மூடி, கொடியை மரத்தில் ஏற்றிவிடுவார்கள். சுடலையாண்டி விளையின் வடக்கோரத்தில், கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கிற செம்பாறைத் தரையில் போய்க் குழி வெட்டினான். வயிறு மாதிரி ஒரு பள்ளம். அதன் அடியில் காலுக்கு நாலு துளை. முன்பக்கம் துதிக்கைக்கு வளைந்த ஒரு வாய்க்கால். எல்லாவற்றிலும் மெத்தென்று மக்கிய சருகை நிறைத்தான். சுவர் பாறையாக இருந்தால் கிழங்கு வேறு எங்கே போகும், மெத்தென்ற இடத்துக்குத்தானே போகும் என்பது அவன் கணக்கு.

"ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கெழங்கு திங்கியதுக்கா, கண்காட்சிக்கா?" என்று முத்துக்கனி ஏசினாள். ஏசிக்கொண்டே சருகும் சுமந்து கொடுத்தாள்.

தை பிறந்ததும் தோண்டினான். நானும் கூட இருந்தேன். மண்ணைத் தட்டத் தட்ட ஆனை வந்தது. ஒரு கால் கொஞ்சம் குட்டை, துதிக்கை நுனியில் இரண்டு வேர். ஆனாலும் ஆனைதான். சுடலையாண்டி அதைத் தடவிக்கொண்டே இருந்தான். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்லுகிறேன்.

அந்த மாதம் கோயில் மைதானத்தில் விளைபொருள் காட்சி. பாட்டக்காரன் எதைக் கொண்டுபோனாலும் நிலத்துக்கு உடையவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். சொன்னான். தாணுமாலயன் ஆளனுப்பிக் கிழங்கைத் தானே எடுத்துப் போய்ப் பட்டு விரித்து வைத்தார். பக்கத்தில் ஒரு பலகை. "இயற்கையின் விந்தை. தாணுமாலயன் அவர்களின் விளையில் தானாக விளைந்த ஆனைக் கிழங்கு."

தானாக. செம்பாறையில் அவன் உள்ளங்கை வெடித்தது எனக்குத் தெரியும். அந்தப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருக்க வேண்டும்.

அதோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். யாரோ ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் சூடம் கொளுத்தினார். உச்சிப்பொழுதுக்குள் அருகம்புல் மாலை விழுந்துவிட்டது. தாணுமாலயன் கூட்டத்தைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார், அவருக்குப் புத்தி வேலை செய்துவிட்டது.

"பிள்ளையார் எனக்க மண்ணுல எழுந்தருளியிருக்காரு. அந்த எடத்துல கோயில் வைக்கணும். சுடலையாண்டி, குடிசையப் பிரிச்சிரு. வெளைய இந்த மாசமே ஒழிச்சுத் தா" என்றார்.

சுடலையாண்டி மெதுவாகச் சொன்னான். "மொதலாளி, அந்தக் குழி நான் வெட்டினது."

"குழி நீ வெட்டினே. உள்ள வந்தது யாருன்னு ஒனக்குத் தெரியுமாலே?"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நான் முன்னால் பாய்ந்தேன். "எனக்கப் பெட்டியில படம் இருக்கு, வந்து பாருங்க. அதப் பாத்துத்தான் செஞ்சான்" என்றேன். "வேதக்காரனுக்கு இங்க என்ன காரியம்?" என்று நாலு பேர் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். சர்ச்சுக்குப் போகிறவன் சொன்னால் உண்மையும் நிந்தனையாகிவிடும். சுடலையாண்டி என் கையைப் பிடித்து, "விடு மக்கா, நீ அடி வாங்காத" என்றான். அந்தக் குடிசையை விட்டால் அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அப்போதுதான் முத்துக்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கையில் வெட்டுக்கத்தியோடு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காச்சிலைத் தோண்டினால், கொடி ஒட்டியிருந்த மேல்துண்டு நட்டவனுக்கு. அதுதான் அடுத்த வருஷத்துக்கு விதை. உடையவர் கிழங்கு முழுவதையும் பாட்டமாக எடுத்தாலும் எடுப்பார், அந்தத் துண்டைத் தொடமாட்டார். எவ்வளவு கெட்டவரும் தொட்டதில்லை.

"மொதலாளி, விதைத்துண்டு நட்டவனுக்கு உள்ளதா, இல்லியா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் மண்ணில் கைவைக்கிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"உள்ளதுதான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அவள் காத்திருக்கவில்லை. கொடி இருந்த இடம் ஆனையின் முதுகு. மாலையை ஒதுக்கிவிட்டு ஒரே வெட்டு. உள்ளே வயலட் நிறத்தில் கொழகொழவென்று கிழங்கு. துண்டை மடியில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனாள்.

பிறகு வயதான ஒருவர், "பின்னமாயிட்டே. பின்னப்பட்டதுக்குப் பூசை கெடையாது" என்றார். சூடம் அணைந்தது. வந்த வேகத்தில் ஜனம் கலைந்தது. சாமியில்லை என்றால் கோயிலும் இல்லை. விதைத்துண்டை எடுத்ததற்காகப் பாட்டக்காரனை விரட்டினால் மற்றப் பாட்டக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்று தாணுமாலயனுக்கும் தெரியும். குடிசையைப் பிரிக்கிற பேச்சை அப்படியே விட்டுவிட்டார். கிழங்கைக் கொட்டகைக்குப் பின்னால் வீசிவிட்டார்கள்.

சாயங்காலம் அதை முத்துக்கனி பொறுக்கிக்கொண்டு வந்து அவித்தாள். காந்தாரி மிளகாய் அரைத்து எனக்கும் வைத்தாள். "அடுத்த வருசமும் செய்யிலே. சந்தை சந்தையா ஒனக்கப் பேரக் கூவியது எனக்கப் பொறுப்பு" என்றேன்.

சுடலையாண்டி விதைத்துண்டின் வெட்டுவாயில் சாம்பல் பூசிக்கொண்டிருந்தான். "வேண்டாம் நேசையா. ஆனைய செஞ்சா பிள்ளையாருன்னான். குதிரைய செஞ்சாலும் ஒரு சாமி பேரு சொல்லுவான். சுடலையாண்டி செஞ்சான்னு மட்டும் சொல்லமாட்டான். குடிசையாவது கெடக்கட்டும்."

சாகும்வரை அவன் உருண்டைக் குழிதான் வெட்டினான்.

நான் விடவில்லை. பெட்டியில் கல்லானைக்கு அடுத்தபடியாக ஒரு வெறும் கறுப்பு அட்டையைச் செருகினேன். அது வரும்போது தொண்டை கிழியக் கூவுவேன். "புதுக்கடை சுடலையாண்டிக்க ஆனை பாரு, மனுசன் செஞ்சது."

துளையில் கண் வைத்தவன் நிமிர்ந்து, "படம் எங்க வோய்?" என்று கேட்பான்.

"தின்னாச்சு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவேன்.